சுவருக்கு ரெண்டு பக்கமும் ஒரே படம்

எங்கள் அப்பா நல்லதம்பி மனிதர்களோடு அதிகம் பேசமாட்டார். பேசுவதெல்லாம் அவருடைய லோடு ஆட்டோவோடுதான். காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால், "என்னடா, ஒடம்பு சரியில்லையா?" என்று அதன் மூக்கைத் தடவிக் கேட்பார். என்னை அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். பக்கத்தில் வெந்நீரும் இருக்கும். அதை யார் வைத்தது என்று கேட்டால் தெரியாது என்பார்.

பத்தாவது பெயில், லாரி கிளீனர், லாரி டிரைவர், குவைத்தில் ஓர் அரபி வீட்டு டிரைவர். இப்போது ஆவூருக்கும் மாத்தூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் சொந்த லோடு ஆட்டோ. கடலை மூட்டை, கல்யாண வீட்டுச் சேர், சந்தைக்குப் போகும் ஆடு, எதைச் சொன்னாலும் ஏற்றுவார். அவர் வரலாறு இவ்வளவுதான். இதில் குவைத்தில் மட்டும் ஒரு சங்கடம் நடந்தது. அதைச் சொன்னால்தான் டிவி கதை விளங்கும்.

அப்பாவுக்கு ஒரே அக்கா, செங்கமலம் அத்தை. தாத்தா வீட்டை நடுவில் பிரித்து ஆளுக்குப் பாதி. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அத்தை. நடுச்சுவரில் அப்போது ஒரு கதவு இருந்ததாம். அத்தை மகள் காவ்யா குழந்தையாக இருந்தபோது குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அப்பா குவைத்திலிருந்து வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அரபி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. வர முடியாது என்ற சேதியும் வந்து சேரவில்லை. அத்தை நல்ல நேரம் முடியும்வரை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் வரும் பாதையைப் பார்த்தே நின்றாளாம். கடைசியில் பங்காளி ஒருவர் மடியில் வைத்துக் குத்தினார்கள். அன்றைக்குக் காவ்யா அழுததைவிட அத்தை அழுததுதான் அதிகம் என்று அம்மா சொல்வாள்.

அப்பா திரும்பி வந்தபோது கதவு இருந்த இடத்தில் செங்கல் இருந்தது.

அதற்குப் பிறகு அத்தை அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அம்மாவும் தெருவழியாகப் போய்வரலாம், குழம்பு வாங்கலாம், ஊர்க்கதை பேசலாம். அப்பாவுக்கு மட்டும்தான் தடை. அத்தை வீட்டு மாமா திருப்பூரில் வாட்ச்மேன். எப்போதாவது வருவார். அவரும் தெருமுனையில் வைத்துத்தான் அப்பாவோடு பேசுவார், அதுவும் அத்தை வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தது கேபிள் வயர் ஒன்றுதான். ஆவூர் சூசைராஜ் மாமாதான் எங்கள் பக்கத்துக்கெல்லாம் கேபிள்காரர். எங்கள் வீட்டுக்கு ஒரு இணைப்பு கொடுத்து, டிவிக்குப் பின்னால் சுவரில் ஒரு ஸ்ப்ளிட்டரை அடித்து, வயரை இரண்டாகப் பிரித்து, இரண்டாவதை அந்தச் செங்கல் சுவரில் ஓட்டை போட்டு அத்தை வீட்டுக்குத் தள்ளிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. அம்மா பதறியதற்கு, "வயருக்குமா கோவம் இருக்கு?" என்றாராம். அத்தை அவள் பாட்டுக்கு ஒரு சேனல் பார்த்தாள், நாங்கள் எங்கள் பாட்டுக்கு ஒன்று பார்த்தோம்.

இப்படியே போயிருக்கும். டிஜிட்டல் வந்தது. இனிமேல் வீட்டுக்கொரு செட்டாப் டப்பா இருந்தால்தான் கேபிள் தெரியும் என்றார்கள். சொன்னதை யாரும் நம்பவில்லை. ஒருநாள் காலையில் தெருவில் எல்லா டிவியிலும் புள்ளி புள்ளியாகக் கொசு பறந்தது. சூசைராஜ் மாமா வீடு வீடாக வந்து, "டப்பா வந்துக்கிட்டே இருக்கு" என்றார். அது எந்த வழியாக வந்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை, வந்து சேரவில்லை.

செய்தி பார்க்காமல் அப்பாவுக்குச் சோறு இறங்காது. இவர் பார்க்காவிட்டால் நாடு நின்றுபோய்விடும் என்பதுபோல உட்கார்ந்து பார்ப்பார். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு கீரனூரிலிருந்து முத்துராஜ் என்ற டிஷ் மெக்கானிக்கைக் கூட்டிவந்துவிட்டார்.

முத்துராஜ் மொட்டைமாடியில் டிஷ்ஷைப் பொருத்தியதும் அம்மா ஏறிப் பார்த்தாள். "என்னப்பா இது, மல்லாக்கக் கெடக்கு? மழ பேஞ்சா தண்ணி நிக்காது?"

"சாட்டிலைட் நம்ம ஊருக்கு உச்சந்தலைக்கிட்ட இருக்குக்கா. தண்ணி நிக்காது. நின்னாலும் காக்கா குளிச்சிட்டுப் போகட்டுமே."

கீழே இறங்கியதும் அவனுக்கு வேறு பிரச்சினை. எங்கள் டிவி முதுகு பெருத்த பழைய டிவி. மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பின் சொருகும் ஓட்டைகள் மூன்றும் உடைந்து கிடந்தன. பையைத் துழாவி ஒரு குட்டி டப்பாவை எடுத்தான். அது படத்தைப் பழைய கேபிள் வயர் வழியாகவே டிவிக்குள் அனுப்புமாம். ஸ்ப்ளிட்டரிலிருந்து தெருக் கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் குட்டி டப்பாவின் வயரைச் சொருகினான். டிவியில் ஒரே ஒரு நம்பரில் படம் பளிச்சென்று வந்தது. சேனலை மாற்றுவதெல்லாம் டிஷ் ரிமோட்டில்.

ஸ்ப்ளிட்டரின் இன்னொரு வயர் செங்கல் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போவதை அவன் பார்க்கவில்லை. நாங்களும் நினைக்கவில்லை.

கண்டுபிடித்தது நான்தான். ஒரு மத்தியானம் அப்பா செய்தியை ஓடவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ரிமோட்டை உருவிப் பாட்டுச் சேனல் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை குரல் வந்தது.

"ஏ சூசை! வெள்ளத்துல ஆடு மாடெல்லாம் போகுதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கான், நீ குத்துப்பாட்டுப் போடுறியே, ஒனக்கு அறிவு இருக்கா?"

எனக்கு முதலில் புரியவில்லை. சமையல் சேனல் வைத்தேன்.

"ம், இது தேவல."

மல்யுத்தம் வைத்தேன்.

"அடச்சீ! ஜட்டியோட நிக்கிறான், மாத்துடா!"

ஆண்டவர் கொடுத்த ரிமோட்டு என்று நினைத்துக்கொண்டேன். உடனே அவருக்கு நன்றியாக ஜெபச் சேனல் ஒன்றை வைத்தேன்.

"சூசை, ஒங்க சாமிய நீ கோயில்ல வச்சுக் கும்புடு, நானும் ஆவூர்த் தேர் அன்னிக்கு வந்து கும்புடுறேன். இப்ப எனக்கு ராசிபலன் வையி."

வாயைப் பொத்திக்கொண்டு தெருவழியாக ஓடிப்போய் அத்தை வீட்டில் எட்டிப் பார்த்தேன். அவள் டிவியில் எங்கள் வீட்டு ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்த, ஒங்களுக்கு டப்பா வந்துருச்சா?"

"எங்கேத்தா வந்துச்சு? டப்பா வர்றவரைக்கும் சனம் அந்தரத்துல நிக்கக் கூடாதுன்னு சூசை ஒத்தச் சேனல் விடுறான். அவன் ஆபீஸ்ல ஒக்காந்து அவனே மாத்தி மாத்தி விடுவான் போல. எந்நேரமும் செய்தியா விட்டுக் கொல்லுறான். ஆனாலும் நல்ல பய."

அடுத்த சில நாட்கள் எனக்குப் படிப்பு முடிந்தபிறகு கிடைத்த மிகச் சிறந்த நாட்கள். அத்தை பொரியல் தாளிக்கும்போது சிங்கம் மானைக் கடிக்கும். சாமி கும்பிட உட்கார்ந்தால் கார் ரேஸ் ஓடும். சூசைராஜ் மாமா வாங்காத திட்டில்லை. அந்தச் சமயத்தில் அவர் எங்கேயாவது கம்பத்தில் ஏறி நின்று விக்கிக்கொண்டிருந்திருப்பார்.

ஒரு சாயங்காலம் சீரியல் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்தேன். மாமியார் பாயசத்தில் விஷத்தைக் கலக்குகிறாள். மருமகள் டம்ளரைக் கையில் எடுக்கிறாள். அந்த இடத்தில் செய்திக்கு மாற்றினேன்.

"பாவி! குடிச்சாளா இல்லையான்னு தெரியலையே! டேய் சூசை, ஒனக்குப் புண்ணியமாப் போகும், திருப்புடா!"

சிரித்துக்கொண்டே திரும்பினால் அப்பா நிற்கிறார். கன்னத்தில் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காவா?"

"ஆமாப்பா."

"யாரத் திட்டுது?"

"சூசை மாமாவ. அவரு விடுறாருன்னு நெனைக்கிது."

அப்பா டிவிக்குப் பின்னால் குனிந்தார். ஸ்ப்ளிட்டரிலிருந்து கிளம்பிய வயரை விரலால் தொட்டுக்கொண்டே போய்ச் செங்கல் ஓட்டையில் நிறுத்தினார். பிடுங்கப்போகிறார் என்று நினைத்தேன். பின்னைத் திருகி இறுக்கினார். ஆட்டோவிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்துவந்து சுற்றினார்.

"லூசா இருக்கு. காத்தடிச்சா அங்கிட்டுப் படம் ஆடும்" என்றார். பிறகு என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார். "விஷம் வச்சாளே, அது எந்தச் சேனலு?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாடு நின்றுபோனது. காலையில் ராசிபலன், மத்தியானம் சமையல், சாயங்காலம் வரிசையாகச் சீரியல். அத்தைக்கு எது பிடிக்கும் என்று நான் போய்க் கேட்டுவர வேண்டும். என் பழைய வேலையெல்லாம் பறிபோய் உளவு வேலை கிடைத்தது. அப்பா மூட்டையை இறக்கிவிட்டுச் சீரியலுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவார். வர முடியாத நாளில் அம்மாவுக்குப் போன் போட்டு, "பாயசத்தக்காவ வச்சியா?" என்பார். அந்த மாமியாருக்கு அவர் வைத்திருந்த பெயர் அதுதான்.

அம்மாவுக்கு எரிச்சல். "வாங்குனது நம்ம டிஷ்ஷு. எனக்குப் புடிச்சத ஒருநா வச்சுருக்கீங்களா?"

"எனக்குப் புடிச்சுருக்கு, நான் பாக்குறேன்."

"எது? மாமியாளும் மருமகளும் மயிரப் புடிச்சு இழுக்குறதா? இதப் பாக்கத்தான் குவைத்துலேருந்து வந்தீங்களா?"

அப்பா டிவியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அம்மாவும் அதற்குமேல் போகமாட்டாள். அவர் வராத நாளில் முணுமுணுத்துக்கொண்டே பாயசத்தக்காவை வைத்துவிடுவாள்.

வினோதம் என்னவென்றால், அத்தை சுவரைப் பார்த்துப் பேச, அப்பா ரிமோட்டில் பதில் சொன்னார். "சத்தம் பத்தலையே சூசை" என்றால் இவர் சத்தத்தைக் கூட்டுவார். "வெளம்பரத்துல மாத்தாதடா, நீ திரும்பி வர மறந்துபோற" என்றால், எண்ணெய் விளம்பரம், சோப்பு விளம்பரம் எல்லாவற்றையும் கைகட்டிப் பார்ப்பார். அத்தை குரல் இவ்வளவு வருஷம் கழித்து அவரிடம் வருகிறது, வேறொரு ஆளின் பெயரைப் போட்டுக்கொண்டு. அவர் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அத்தையிடம் சொல்லக் கூடாது என்பது சட்டம். சொன்னால் அரிவாள்மணையை எடுத்துவந்து வயரை அறுத்துவிடுவாள். "அவன் வீட்டுப் படம் எனக்கெதுக்கு?" என்பாள். அதில் எங்கள் மூவருக்கும் சந்தேகமில்லை.

அந்தச் சமயத்தில்தான் காவ்யாவுக்குக் கல்யாணம் முடிவானது. நெற்றியில் பட்டம் கட்டுவதும் பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போவதும் தாய்மாமன் வேலை. அத்தை தன்னைக் கூப்பிட வேண்டும், அப்பாவுக்கு அது ஒன்றுதான் ஆசை. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் டிரங்குப் பெட்டியில் மடித்துக் கிடந்த பட்டுவேட்டியை எடுத்து வெயிலில் காயப்போட்டார். அத்தை வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற கொடியில்.

அத்தை பார்த்தாளா தெரியவில்லை. அவள் முதலில் ஆள் தூக்க முடியாத பலாப்பழம் ஒன்றைச் சூசைராஜ் மாமாவுக்குக் கொடுத்தனுப்பினாள். "எதுக்குன்னே தெரியலண்ணே, டப்பா குடுக்காதவனுக்குப் பழம் குடுக்குறாக" என்று அவர் டீக்கடையில் அப்பாவிடமே சொல்லியிருக்கிறார். அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். வந்து உட்கார்ந்து அத்தைக்கு ராசிபலன் வைத்தார்.

பிறகு அத்தை வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துக்கொண்டு பத்திரிகை வைக்கக் கிளம்பினாள். ஆவூரில் சூசைராஜ் மாமாவுக்கு வைத்துவிட்டு வந்து, தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறினாள். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனாள். அப்பா வாசலில் ஆட்டோ டயரைத் தட்டிக்கொண்டு நின்றார். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. நான் உளவுக்குப் போயிருந்தபோது அத்தை மாவு சலித்துக்கொண்டே சொன்னாள்.

"ரஞ்சிதா, யாருகிட்டயும் சொல்லாத. காவ்யாவுக்கு மாமன் மொறைக்கு சூசைய நிக்கச் சொல்லப்போறேன்."

"அத்த! அவரு ஆவூர்க்காரரு. ஞாயித்துக்கிழம பூசைக்குப் போறவரு."

"போகட்டுமே. கூடப் பொறந்தவன் செய்யாதத அவன் செய்யிறான். காலைல எந்திரிச்சதுலேருந்து அக்காவுக்கு என்ன புடிக்கும், என்ன புடிக்காதுன்னு பாத்துப் பாத்து வைக்கிறான். இது மனசு இருந்தாத்தான் வரும். மந்திரம் சொல்லத்தான் ஐயரு இருக்காருல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. தெருவில் வரும்போது நின்றுவிட்டது. வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அம்மாதான், "இப்பயாச்சும் போயி உண்மையச் சொல்லுங்களேன்" என்றாள்.

"சொல்லிக் காட்டுனா அது செஞ்சதுல சேராது" என்றார் அப்பா. எழுந்துபோய்க் கொடியில் கிடந்த பட்டுவேட்டியை எடுத்து மடித்தார்.

இரண்டு நாளில் டப்பாக்கள் வந்து இறங்கின. சூசைராஜ் மாமா முதல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குத்தான் வந்தார். வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதுமே அப்பா ரிமோட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். பாயசத்தக்கா ஓடிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது முழுக்கக் கேட்டது.

"வாடா தம்பி. ஒங்கிட்ட ஒரு காரியம் சொல்லணும்."

"காவ்யா சொல்லுச்சுக்கா, மாமன் மொறைன்னு. எனக்கு ராத்திரியெல்லாம் ஒறக்கம் இல்ல. அந்தப் பலாப்பழமே இன்னும் செரிக்கல. நான் என்னக்கா செஞ்சேன் ஒங்களுக்கு?"

"என்னடா இப்புடிக் கேக்குற? நீதான சேனலு விடுற!"

"நானா? கேபிள நிறுத்துன அன்னிக்கோட சரி. எங்க ஆபீஸே பூட்டித்தான் கெடக்கு."

"அப்ப இது என்ன ஓடுது?"

மேசையை இழுப்பது கேட்டது. செங்கல் ஓட்டையில் வயர் லேசாக அசைந்தது. எங்கள் பக்கம் டேப் சுற்றிய இடம்வரைக்கும் அசைந்தது. அப்பா அதையே பார்த்தார்.

"அக்கா" என்றார் சூசைராஜ் மாமா. குரல் இறங்கியிருந்தது. "இது ஒங்க தம்பி வீட்டு டிஷ்ஷுலேருந்து வருது. அங்க ரிமோட்டுல என்ன வைக்கிறாகளோ, அதான் இங்க தெரியும்."

"அங்க வச்சாத்தான் இங்க தெரியுமா?"

"ஆமா."

"அப்ப ராசிபலன வைக்கிறது?"

"அவுகதான்."

"சீரியல?"

"அவுகதாங்கா. நல்லதம்பி அண்ணன் பாயசத்துல விஷம் வைக்கிறதப் பாக்குற ஆளா?"

எங்கள் பக்கம் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். டிவியில் விளம்பரம் வந்தது. அப்பா விரல் ரிமோட்டில் படவே இல்லை.

"இந்த வயர எடுத்துட்டு டப்பாவ மாட்டிரவாக்கா? மாட்டிட்டா நீங்களே மாத்திக்கலாம், யாரையும் எதிர்பாக்க வேணாம்."

அத்தை எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. அரிவாள்மணை எங்கே இருக்கும் என்று யோசித்தேன். பிறகு செங்கல்லுக்கு மிகப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. சூசையைக் கூப்பிடவில்லை.

"ஏன்டா, செய்தி பாக்காம ஒனக்குச் சோறு எறங்காதே. இத்தன நாளா எப்புடிடா சாப்புட்ட?"

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. லோடு ஆட்டோவாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். நான் அவர் முதுகில் ஒரு தள்ளு தள்ளினேன்.

"எறங்கிருச்சுக்கா" என்றார்.

"செய்திய வையி."

"சீரியல் முடியட்டும்."

"வைன்னா வையேன்டா! அன்னிக்கும் சொன்ன பேச்சக் கேக்கல, இன்னிக்கும் கேக்க மாட்ட."

அப்பா செய்தியை வைத்தார். எங்கேயோ மழை பெய்ததாகச் சொன்னார்கள். சுவருக்கு இரண்டு பக்கமும் அதை உட்கார்ந்து பார்த்தார்கள். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். என் கண்ணுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, டிவிக்குப் பின்னால் நிறையத் தூசி.

மறுநாள் காலையில் அத்தை தட்டோடு எங்கள் வாசலில் ஏறினாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, வேட்டியைப் பார்த்தாள். "கொடியில காஞ்சுதே ஒரு பட்டு, அதக் கட்டிக்கிட்டு வா. பொண்ணு கையப் புடிக்கிற ஆளு நேரத்தோட வரணும். இந்தவாட்டி பஸ்ஸப் பாத்துக்கிட்டு நிக்கத் தெம்பு இல்ல."

"ஆட்டோல வந்துருறேன்" என்றார் அப்பா. பக்கத்து வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் முதல் வெற்றிலை தாய்மாமனுக்கு வைத்த பிறகுதான் ஊருக்கு வைக்க வேண்டும். அத்தை முறை தவறிவிட்டாள். தவறியதைத் தவறியதாக விட அவளுக்கு மனசில்லை. முன்பு வைத்தது எல்லாம் செல்லாது என்று சொல்லி, அதே வெயிலில் அதே வீடுகளுக்கு மறுபடி தட்டோடு ஏறி இறங்கினாள். இந்தத் தடவை தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது அப்பா. ஆவூருக்கு லோடு ஆட்டோவில் போனார்கள், நானும் தொற்றிக்கொண்டேன். முன்னால் உட்கார இடமிருந்தும் அத்தை பின்னால் நின்றுகொண்டுதான் வந்தாள். இடுப்பில் பிள்ளை இல்லாததுதான் குறை, பாதையை அப்படிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சூசைராஜ் மாமா இரண்டாவது பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "இது எதுக்கு வச்சதுக்கா?"

"இது கேபிள்காரனுக்கு."

"அப்ப மொத வச்சது?"

"அது ஒனக்கு வச்சது இல்ல."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வெற்றிலைத் தட்டைப் பார்த்தார்.

"பலாப்பழம்?" என்றார் சூசைராஜ் மாமா, பயந்துகொண்டே.

"தின்னது போகட்டும்" என்றாள் அத்தை. "கொட்டைய மட்டும் குடு. என் தம்பிக்குச் சுட்டுத் தின்னப் புடிக்கும்."